பிலிருபின் எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வியும் பதிலும்

போன இதழில் காமாலை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பிலிருபின் என்கிற மஞ்சள் நிறமி கல்லீரல் செல்லுக்குள் எப்படிப் போகிறது, எப்படி வெளியே வருகிறது? மருத்துவமனை ஆய்வகத்தில் பிலிருபின் அளப்பதே பல வருடம் என் அன்றாட வேலையாக இருந்தது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: "கல்லீரல் பிலிருபினை எடுத்துக்கொள்கிறது" என்று எங்கள் பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ரத்தத்தில் அது அல்புமினோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறதாம். அப்படியானால் அல்புமினும் சேர்ந்து செல்லுக்குள் போகிறதா? செல்சவ்வை எப்படித் தாண்டுகிறது?
– விலங்கியல் மாணவி ஒருவர்

பதில்: அல்புமின் ரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம். அது உள்ளே போவதில்லை. செல்லின் விளிம்புவரை கொண்டுவந்து விட்டுவிட்டு ரத்தத்தோடு போய்விடுகிறது.

அல்புமின் ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்துவிட்டுப் பெரும்பாலும் மண்ணீரலில் உடைபடுகிறது. அதிலிருக்கும் ஹீம் என்ற சிவப்பு நிறப்பொருள் முதலில் பச்சை நிற பிலிவெர்டினாகவும், பிறகு மஞ்சள் பிலிருபினாகவும் மாறுகிறது. அடிபட்டுக் கன்றிய இடம் நாளாக ஆகப் பச்சையாகி, மஞ்சளாகி மறைகிறதே, அங்கே நடப்பதும் இதே மாற்றம்தான். பெரியவர் ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு 250 முதல் 300 மில்லிகிராம் பிலிருபின் உண்டாகிறது. இந்த மூலக்கூறில் தண்ணீரோடு சேரக்கூடிய பகுதிகள் இல்லாமலில்லை. ஆனால் அது நடுவில் மடங்கி, அந்தப் பகுதிகளைத் தனக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டிவைத்துக்கொள்கிறது. வெளிப்பக்கம் இருப்பது தண்ணீரோடு ஒட்டாத பகுதி மட்டுமே. அதனால் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் சுலபமாகப் புகும். மூளைக்குள் புகுந்தால் நரம்பு செல்களைக் கெடுக்கும். அல்புமின் அதை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதால்தான் நமக்கு ஆபத்தில்லை. ரத்தத்தில் தனியாகத் திரிகிற பிலிருபின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

சரி, இப்போது கல்லீரலுக்கு வருவோம். இங்கே ரத்த நுண்குழாயின் சுவரில் திறந்த துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அகலம். சிவப்பணு அதில் நுழைய முடியாது, அல்புமின் தாராளமாக நுழையும். துளையைத் தாண்டினால் டிஸ் இடைவெளி என்ற குறுகலான பகுதி. அதற்கு அந்தப் பக்கம் கல்லீரல் செல்லின் சவ்வு, மேற்பரப்பை அதிகமாக்கும் நுண்விரல்களோடு நிற்கிறது. அல்புமினும் செல்லும் இவ்வளவு நெருக்கமாகச் சந்திக்கும் இந்த இடத்தில்தான் பிலிருபின் கைமாறுகிறது.

சவ்வைத் தாண்ட இரண்டு வழி. ஒன்று, கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் யாருடைய உதவியும் இல்லாமல் சவ்வின் கொழுப்புப் படலத்தில் ஊடுருவிப் போவது. இன்னொன்று, சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்கள் வழியாகப் போவது. கல்லீரலில் இந்த வேலையோடு தொடர்புள்ளவை ஓ.ஏ.டி.பி.1பி1, ஓ.ஏ.டி.பி.1பி3 என்ற இரண்டு. எந்த வழியில் எவ்வளவு போகிறது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே நீண்டகாலமாக நடக்கிறது. என் பக்கச் சாய்வு ஊடுருவலுக்குத்தான். அதற்கான காரணம் அடுத்த பதிலில் தானாக வரும்.

உள்ளே வந்த பிலிருபின் திரும்பவும் ரத்தத்துக்கு நழுவிவிடலாம் இல்லையா? சவ்வு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே விடும்? அதைத் தடுக்கத்தான் செல்லுக்குள் லிகாண்டின் என்ற புரதம் காத்திருக்கிறது. குளுட்டாதயோன் டிரான்ஸ்ஃபெரேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளியே அல்புமின் செய்த வேலையை உள்ளே இது செய்கிறது. பிறகு எண்டோபிளாச வலையில் யு.ஜி.டி.1ஏ1 என்ற நொதி, பிலிருபினோடு குளுகுரோனிக் அமிலத்தை ஒன்றோ இரண்டோ சேர்த்துவிடுகிறது. அமிலம் சேர்ந்ததும் உள்ளே கட்டியிருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகின்றன, மடிப்பு விரிகிறது, மூலக்கூறு தண்ணீரில் கரைகிறது. ஆனால் அதே காரணத்தால் இனி அது எந்தச் சவ்வையும் தானாகத் தாண்ட முடியாது. கடத்தி இல்லாமல் ஒரு அடி நகராது.

அந்தக் கடத்திதான் எம்.ஆர்.பி.2. அது செல்லின் எல்லாப் பக்கத்திலும் இருப்பதில்லை. இரண்டு கல்லீரல் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அவற்றுக்கு நடுவே சுமார் ஒரு மைக்ரான் அகலத்தில் ஒரு நுண்கால்வாய் ஓடுகிறது. பித்தநீர் அங்கேதான் பிறக்கிறது. எம்.ஆர்.பி.2 அந்தக் கால்வாயைப் பார்த்த சவ்வுப் பகுதியில் மட்டும் இருக்கும். கால்வாய்க்குள் நிறமியின் செறிவு செல்லுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்குத் தள்ள வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஏ.டி.பி., அதாவது செல்லின் எரிபொருள், செலவாகிறது. முழுப் பயணத்திலும் மிகவும் கடினமான கட்டம் இதுதான். உடம்புக்கு நோய் வந்தால் முதலில் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். உங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு இன்னும் ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

கேள்வி: ஒரு ரத்த மாதிரியில் டைரக்ட் பிலிருபின் உயர்ந்திருந்தது. கல்லீரல் என்சைம்கள் எல்லாம் நார்மல், ஸ்கேனில் பித்தக்குழாய் அடைப்பும் இல்லை. குளுகுரோனிக் அமிலம் சேர்ந்தது பித்தநீருக்குத்தானே போக வேண்டும்? ரத்தத்துக்கு எப்படித் திரும்பி வந்தது?
– ஆய்வக நுட்பர் ஒருவர்

பதில்: கேள்வியைப் படித்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் அதன் பின்னால் போயிருக்கிறீர்கள்.

டைரக்ட் என்று நாம் எழுதுவது எதை என்று மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். சீரத்தில் டயசோ வினைப்பொருளை விட்டவுடன் தானாகவே நிறம் எழும் பகுதி டைரக்ட். அது பெரும்பாலும் குளுகுரோனிக் அமிலம் சேர்ந்தது, தண்ணீரில் கரைவது. காஃபீன் கரைசலோ ஆல்கஹாலோ சேர்த்து உசுப்பினால்தான் மீதியும் வினைபுரியும். அப்போது கிடைக்கும் மொத்தத்திலிருந்து டைரக்ட்டைக் கழித்தால் இன்டைரக்ட், அதாவது அமிலம் சேராதது. 1916-இல் வான் டென் பெர்க் இதைப் பிரித்துக் காட்டியபோது அமிலம் சேரும் விஷயமே யாருக்கும் தெரியாது. அது 1950-களின் நடுவில்தான் தெரியவந்தது. அடுத்தடுத்து இரண்டு குழாய்கள், ஒன்றில் உடனே ஊதா ஏறுகிறது, இன்னொன்று காஃபீன் விழும்வரை வெளிறியே நிற்கிறது. இதைப் பார்க்க எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. கல்லீரல் செல்லுக்குள் வேலை எதுவரை நடந்திருக்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும் சோதனை இது.

இனி உங்கள் கேள்வி. கல்லீரல் செல்லின் ரத்தப் பக்கச் சவ்வில் எம்.ஆர்.பி.3 என்று இன்னொரு கடத்தி இருக்கிறது. அது அமிலம் சேர்ந்த பிலிருபினை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. நோயில் மட்டுமல்ல, நல்ல கல்லீரலிலும் ஓரளவு இது நடக்கிறது. கேட்டால் வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் கல்லீரலில் ரத்தம் வரிசையாக ஒரு செல்லைத் தாண்டி அடுத்த செல்லைத் தொட்டுக்கொண்டுதான் மையச் சிரைக்குப் போகிறது. முதலில் இருக்கும் செல்களுக்கு வேலை குவிகிறது, அவற்றின் எம்.ஆர்.பி.2 திணறுகிறது. அப்போது கொஞ்சத்தை எம்.ஆர்.பி.3 ரத்தத்தில் விடுகிறது. வரிசையில் பின்னால் இருக்கும் செல்கள் அதை ஓ.ஏ.டி.பி. கடத்திகளால் பிடித்து உள்ளே இழுத்து, தங்கள் பக்கக் கால்வாயில் தள்ளிவிடுகின்றன. நெரிசலான பஸ்ஸிலிருந்து இறங்கி, பின்னாலேயே காலியாக வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்வது போல. சேர வேண்டிய இடம் ஒன்றுதான்.

பின்னால் வரும் செல்கள் பிடிக்காவிட்டால்? ரோட்டர் நோய்க்குறி அதுதான். 1948-இல் இதை விவரித்த ஆர்ட்டுரோ ரோட்டர் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர், பெயர்பெற்ற சிறுகதை எழுத்தாளரும்கூட. காரணம் தெரிய 2012 வரை ஆனது. ஓ.ஏ.டி.பி.1பி1, 1பி3 இரண்டுக்குமான மரபணுக்கள் 12-ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தாய்வழி, தந்தைவழி என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. நான்கு பிரதிகளும் செயலிழந்தால்தான் இந்த நிலை வரும். ஒன்று மிஞ்சினாலும் போதும், காமாலை தெரியாது. இவ்வளவு அரிதாக இருப்பதன் காரணமும் அதுதான்.

முந்தைய பதிலில் பாக்கி வைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். ரோட்டர் உள்ளவர்களுக்கு இரண்டு கடத்திகளுமே இல்லை. ஆனாலும் அவர்கள் ரத்தத்தில் அதிகமாக இருப்பது அமிலம் சேர்ந்த பிலிருபின். அமிலம் சேர்ந்திருக்கிறது என்றால் அது ஏற்கெனவே கல்லீரல் செல்லுக்குள் போய் வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஓ.ஏ.டி.பி. இல்லாமலே அது உள்ளே போயிருக்கிறது. அமிலம் சேராத பிலிருபின் ஓரளவாவது தானாக ஊடுருவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

உங்கள் மாதிரிக்கு இன்னொரு சாத்தியமும் உண்டு. டூபின்–ஜான்சன் நோய்க்குறி, 1954-இல் விவரிக்கப்பட்டது. இதில் பழுது எம்.ஆர்.பி.2-வில். கால்வாய்க்குத் தள்ள முடியாததை எம்.ஆர்.பி.3 ரத்தத்துக்கு விடுகிறது. அதே கடத்தி வழியாகப் போக வேண்டிய வேறு சில கழிவுகள் செல்லிலேயே தங்கி, வருடக்கணக்கில் கருத்துப்போகின்றன. அந்தக் கல்லீரலின் பயாப்ஸித் துண்டை நான் பார்த்திருக்கிறேன். ஊசியிலிருந்து வரும்போதே கரித்துண்டு நிறம். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கரும்பழுப்புத் துகள்கள், அதுவும் செல் முழுக்கப் பரவாமல் நுண்கால்வாயை ஒட்டிய பக்கமாகவே குவிந்து கிடக்கும். பார்க்கத்தான் பயமாக இருக்கும், கல்லீரல் வேலை கெடாது, ஆயுள் குறையாது.

இரண்டையும் பிரிக்க இப்போது பயாப்ஸி தேவையில்லை. சிறுநீரில் கோப்ரோபார்ஃபிரின் பாருங்கள், ஹீம் தயாராகும்போது உண்டாகும் துணைப்பொருள் அது. டூபின்–ஜான்சனில் மொத்த அளவு ஏறக்குறைய நார்மல், ஆனால் அதில் 80 சதவீதத்துக்கு மேல் முதல் வகை ஐசோமர் (அதே பொருளின் ஒரு மாற்று வடிவம்). ரோட்டரில் மொத்த அளவே பல மடங்கு உயர்ந்திருக்கும். மரபணுச் சோதனை செய்ய முடிந்தால் அதுவே போதும்.

கேள்வி: எனக்கு வயது 24. ரத்தப் பரிசோதனையில் டோட்டல் பிலிருபின் 2.4, டைரக்ட் 0.4. மற்றதெல்லாம் நார்மல். கில்பர்ட் என்று டாக்டர் சொன்னார், மருந்து எதுவும் தரவில்லை. கல்லீரல் மெல்ல மெல்லக் கெட்டுப்போகுமோ என்று தூக்கமே வருவதில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் டாக்டர் மருந்து தராததுதான் சரியான வைத்தியம்.

நீங்கள் அனுப்பிய எண்களைப் பாருங்கள். 2.4-இல் 2.0 இன்டைரக்ட். வெளியேற்றும் கட்டத்தில் சிக்கலே இல்லை. நின்றிருப்பது அதற்கு முந்தைய கட்டத்தில், யு.ஜி.டி.1ஏ1 நொதியில். பெரும்பாலானவர்களுக்கு அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் டி.ஏ. என்ற எழுத்து ஜோடி ஆறு முறை வரும், கில்பர்ட் உள்ள பலருக்கு ஏழு முறை வரும். அந்த ஒரு ஜோடி கூடுவதால் நொதி குறைவாகத் தயாராகி, செயல்திறன் வழக்கமான அளவில் சுமார் 30 சதவீதமாக நிற்கிறது. கல்லீரலுக்குக் காயமில்லை, வீக்கமில்லை, தழும்பில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இப்படி இருக்கிறார்கள். பலர் வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே இருந்துவிடுகிறார்கள்.

பட்டினி கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, கடுமையாக உடம்பை வருத்தினாலோ எண் ஏறும். கண் லேசாக மஞ்சளாகவும் தெரியலாம், பிறகு இறங்கிவிடும். ஏறிய ஒவ்வொரு முறையும் மறுபடி மறுபடி டெஸ்ட் எடுத்துக்கொண்டு அலையாதீர்கள். ஆனால் கில்பர்ட் இருப்பதை மருத்துவக் குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரினோடெகன் என்ற புற்றுநோய் மருந்தை உடம்பு கழிப்பது இதே நொதியால். அடசனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இந்த நொதியையே அடக்கிவிடும். இப்படிச் சில மருந்துகளில் இந்தத் தகவல் டாக்டருக்குத் தேவைப்படும். ஒருவேளை டைரக்ட் பங்கு கூட ஆரம்பித்தாலோ என்சைம்கள் உயர்ந்தாலோ அது கில்பர்ட் இல்லை, வேறு காரணம் தேட வேண்டும்.

கேள்வி: பித்தக்குழாய்க் கல் எடுத்து வாரங்கள் ஆகிவிட்டன. சிறுநீர் பழையபடி தெளிந்துவிட்டது. கண் மட்டும் இன்னும் மஞ்சளாக இருக்கிறதே, அடைப்பு மிச்சம் இருக்கிறதா?
– ஒரு வாசகி

பதில்: சிறுநீர் தெளிந்திருப்பது நல்ல அறிகுறி. அடைப்பு இருந்தபோது செல்கள் எம்.ஆர்.பி.2-வைக் கால்வாய்ச் சவ்விலிருந்து உள்ளிழுத்துக்கொண்டு, எம்.ஆர்.பி.3-ஐ அதிகமாக்கியிருக்கும். தன்னைக் காத்துக்கொள்ள செல் எடுக்கும் நடவடிக்கை அது. அப்படி ரத்தத்துக்கு வந்த கரையும் பிலிருபினைச் சிறுநீரகம் வெளியேற்றியதால்தான் சிறுநீர் கறுத்தது. ஆனால் அதில் ஒரு பகுதி ரத்தத்தில் நெடுநாள் தங்கியபோது அல்புமினோடு நிரந்தரமாகவே பிணைந்துவிட்டது. டெல்டா பிலிருபின் என்று பெயர். இதைச் சிறுநீரகமும் வடிகட்டாது, கல்லீரலும் பிரித்தெடுக்காது. அல்புமின் அழியும்போதுதான் இதுவும் போகும். அல்புமினின் அரை ஆயுள் இரண்டு மூன்று வாரம், அதனால் பொறுமை தேவை. சிறுநீர் மறுபடி கறுத்தாலோ, காய்ச்சல், அரிப்பு, வலி வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் நீங்கள் சொல்லும் இந்தக் கடத்திகளுக்கும் சம்பந்தம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: உண்டு ஐயா. ஸ்டாட்டின் மாத்திரைகளில் பல கல்லீரல் செல்லுக்குள் போவது ஓ.ஏ.டி.பி.1பி1 வழியாகத்தான். சிலருக்கு இந்தக் கடத்தி பிறவியிலேயே கொஞ்சம் மந்தம். அவர்களுக்கு மருந்து கல்லீரலுக்குள் போகாமல் ரத்தத்தில் தேங்கி, தசையைத் தாக்கும் வாய்ப்பு கூடுகிறது. சிம்வாஸ்டாட்டின் விஷயத்தில் இது 2008-இல் தெளிவாக நிறுவப்பட்டது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இதே கடத்தியை அடைத்துக்கொள்ளும், அதனால் மருந்து தொடங்கிய சில நாட்களில் பிலிருபின் லேசாக ஏறலாம். ஸ்டாட்டின் எடுக்கும்போது காரணமில்லாமல் தசைவலி வந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பிறந்த எங்கள் குழந்தையைக் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். வெளிச்சம் எப்படிக் கல்லீரலின் வேலையைச் செய்யும்? இனி பயப்பட ஒன்றுமில்லையா?
– இளம் தாய் ஒருவர்

பதில்: வெளிச்சம் கல்லீரலின் ஒரு வேலையைத் தேவையில்லாமல் ஆக்கிவிடுகிறது. பிறந்த சமயத்தில் யு.ஜி.டி.1ஏ1 நொதியின் வேகம் பெரியவர்களுக்கு இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான். லிகாண்டினும் குறைவு. சிவப்பணுக்களோ அதிக வேகத்தில் உடைகின்றன. அதனால்தான் முதல் வாரத்தில் அத்தனை குழந்தைகள் மஞ்சளாகின்றன.

பிலிருபின் தனக்குள் மடங்கி, கட்டுண்டு கிடப்பதை முதல் பதிலில் சொன்னேன். தோலுக்கு அடியில் இருக்கும் பிலிருபின் மீது நீல வெளிச்சம் பட்டதும் மூலக்கூறின் ஒரு பகுதி திரும்பிக்கொள்கிறது, கட்டு அவிழ்கிறது. இன்னும் கொஞ்சம் மாறி லூமிருபின் என்ற வடிவமாகவும் ஆகிறது. இந்த வடிவங்கள் குளுகுரோனிக் அமிலம் சேராமலே தண்ணீரில் கரையும், பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறும். 1950-களின் நடுவில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் காட்டிவந்தார். வெயில் பட்ட இடம் வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதை மருத்துவர்களிடம் காட்டியவர் அவர்தான். 1958-இல் விளக்குச் சிகிச்சை பற்றிய முதல் கட்டுரை வந்தது. அதற்காக இப்போது வீட்டு வெயிலை நம்பி விளக்கைத் தள்ளிப்போட வேண்டாம். பிலிருபின் அளவுக்கு மீறினால் மூளையைத் தாக்கும், அந்தச் சேதம் திரும்பாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விளக்கு உதவுவது அமிலம் சேராத பிலிருபினுக்குத்தான். சில குழந்தைகளுக்குப் பித்தக்குழாயே அடைபட்டிருக்கும். நொதி வேலை செய்யும், செல் நிறமியை வெளியே தள்ளும், ஆனால் அது குடலுக்குப் போக வழியிருக்காது. அப்போது உயர்வது டைரக்ட். குடலுக்கு நிறமி வராததால் மலம் வெளிறி, களிமண் நிறத்தில் இருக்கும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடும். இதற்கு கசாய் என்ற அறுவை சிகிச்சை இருக்கிறது. பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், தள்ளத் தள்ளக் குறைந்துகொண்டே போகும். "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும், தானாகச் சரியாகிவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி இந்த நாட்களை இழந்த பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அதனால் இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றாலோ, மலம் ஒருமுறையாவது வெளிறித் தெரிந்தாலோ அன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் அந்த மலத்தைத் துணியோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது மேல். ரிப்போர்ட்டில் டோட்டல் பிலிருபின் மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால், அதே ரத்தத்தில் டைரக்ட் எவ்வளவு என்றும் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.